வாத்துக்குளம் வெளுத்த காலை

சின்னவளுக்கு வயது முப்பத்தொன்பது. ஆனாலும் அந்தப் பண்ணையில் அவள் சின்னவள்தான். அண்ணனுக்கு இளையவள் என்பதால் குழந்தையில் ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணனுக்குத் தலை பாதி நரைத்து, அவர் மகளுக்குப் பத்தொன்பது வயதான பிறகும் அது உதிரவில்லை.

தாத்தா ஆறு மாடுகளோடு ஆரம்பித்த பண்ணை அது. அப்பா காலத்தில் முப்பது ஆனது. இப்போது கறவையில் மட்டும் ஐம்பத்திரண்டு. தீவனமும் டிராக்டரும் வயலும் அண்ணன் பொறுப்பு. கன்றுகளும் மாட்டு டாக்டரும் போனும் அண்ணி பொறுப்பு. கொட்டகையைக் கழுவுவதும், கழுவிக்கொண்டே வீட்டில் ஒருத்தர் விடாமல் கேலி செய்வதும் அண்ணன் மகள் வேலை. அப்பா எழுபத்திரண்டு வயதில் ஓய்வு எடுத்துக்கொண்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, காலை நாலு மணிக்கு எல்லோருக்கும் முன்னால் கொட்டகையில் நிற்பார்.

கறவை சின்னவளுடையது. இருபது வருடமாக அதில் வேறு யாரும் கை வைத்ததில்லை. எந்த மாடு இடது பக்கம் நின்றால்தான் பால் விடும், எது மெஷின் சத்தத்துக்கு உதைக்கும், எதற்கு மடியைத் துடைக்கும்போது இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இருபது வருடத்தில் ஒரு தப்பு கிடையாது. கல்யாணப் பேச்சு வராமலும் இல்லை. வந்தவர்கள் ஒவ்வொருவரும், "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மாடெல்லாம் எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். "கறவைக்கு நேரமாச்சு" என்று அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மூன்று மாதமாகக் கால் தரையில் பாவவில்லை.

காரணம், பால் டேங்கர் ஓட்டிவந்த புது டிரைவர். பழைய டிரைவர் வேலையை விட்டதும் வந்தவர். நாற்பத்தொரு வயது. நல்ல உயரம், பால் அறைக்குள் வரும்போது தலையைக் குனிவார், குனிந்தும் நிலைப்படியில் இடித்துக்கொள்வார், இடித்ததும் நிலைப்படியைப் பார்த்து "மன்னிச்சுக்குங்க" என்பார். முதல் நாள் அதைக் கேட்டுச் சின்னவளுக்கு வந்த சிரிப்பு, மாலைக் கறவை வரைக்கும் அடங்கவில்லை.

காலை ஏழு மணிக்கு டேங்கர் வரும். பால் அறையில் இருக்கும் பெரிய எவர்சில்வர் தொட்டியில் முந்தின நாள் மாலைப் பாலும் அன்றைய காலைப் பாலும் சில்லென்று காத்திருக்கும். டிரைவர் தடிமனான ரப்பர் குழாயை இழுத்துவந்து தொட்டியில் மாட்டுவார். பம்ப் கடகடவென்று ஓட ஆரம்பிக்கும். மொத்தத்தையும் உறிஞ்ச இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் அவருக்கு நிற்பதைத் தவிர வேலையில்லை. அவளுக்கோ தலைக்கு மேல் வேலை இருந்தது, இருந்தும் நின்றாள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டும் தீர்ந்ததும் அவர் தனக்குச் சமைக்கத் தெரிந்த நாலே நாலு சமையலைப் பற்றிச் சொன்னார். அவள் ஐம்பத்திரண்டு மாடுகளின் குணத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு நாளைக்கு ஒரு மாடு என்று கணக்கு வைத்திருந்ததால் இன்னும் பாக்கி இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, குழாயைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார். "இனிமே ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு குடுக்கறாங்களாம்."

"நல்லதுதானே. எப்பவும் மூணு மணிக்கு எழுந்திருக்கிறீங்க."

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன்?"

அவர் குழாயைச் சுருட்டி முடித்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வேற ஆள் வருவாராமே" என்றார். சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பி, நிலைப்படியில் இடித்துக்கொண்டு, அதனிடம் மன்னிப்புக் கேட்கக்கூட மறந்து போய்விட்டார்.

சின்னவள் பால் அறையில் தனியாக நின்றாள். காது இரண்டும் ஜிவுஜிவு என்றது. வழக்கம் போல் தொட்டியைக் கழுவினாள். வழக்கம் போல் தொட்டியின் அடியில் இருந்த அடிக்குழாயைத் திறந்து கழுவின தண்ணீரை வெளியே கால்வாயில் விட்டாள். பிறகு வழக்கத்தில் இல்லாத காரியம் ஒன்று செய்தாள்: பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய்விட்டாள். அடிக்குழாய் திறந்தபடியே கிடந்தது.

மாலைக் கறவை முடிந்ததும் ஏணியில் ஏறி, மூடியைத் தூக்கி, பால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள். அன்றைக்கும் தொட்டி வரை போனாள். ஆனால் ஏணியில் ஏறவில்லை. பளபளவென்று இருந்த எவர்சில்வரில் தன் முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாகத் தெரிவதைப் பார்த்தாள். தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தாள், அப்படிச் சாய்த்துப் பார்த்தாள். 'பரவாயில்லை, மோசமில்லை' என்று தீர்மானித்து விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலைக் கறவை முடியும் நேரம். கடைசி வரிசை மாடுகளுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே கொட்டகைக் கழிவை வழித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள், வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அத்தை! வாத்து!"

"வாத்துக்கு என்ன?"

"வாத்து பால்ல நீந்துது!"

"காலங்காத்தால கிண்டலாடி உனக்கு?"

"சத்தியமா அத்தை. குளம் வெள்ளையா இருக்கு. பூனைங்க எல்லாம் கரையில வரிசையா உட்கார்ந்திருக்கு. பக்கத்துப் பண்ணைப் பூனைகூட வந்திருச்சு!"

சின்னவளுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. பால் அறைக்கு ஓடினாள். ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறி மூடியைத் தூக்கினாள். உள்ளே வெறும் எவர்சில்வர். அடியில் அரைக்குடம் பால், அதுவும் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே களக் களக் என்று வடிந்துகொண்டிருந்தது. நேற்று மாலை, இன்று காலை, ஐம்பத்திரண்டு மாட்டின் ஒரு முழு நாள் பால் கால்வாய் வழியாக வாத்துக் குளத்துக்குப் போயிருந்தது.

அவள் இறங்கி, குழாயை மூடி, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணன் தொட்டியைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், திரும்பி வந்து மறுபடி தொட்டியைப் பார்த்தார். "மோட்டார் போட்டு எடுத்து வயலுக்குப் பாய்ச்சணும். எங்க தாத்தா காலத்துலேருந்து இந்த வயலுக்குப் பால் பாய்ச்சினவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்றார். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தார் போலிருக்கிறது, உதடு ஒத்துழைக்கவில்லை.

"நீயா? நீயா மறந்தே?" என்று அண்ணி நாலு தரம் கேட்டாள். "உனக்கு ஜுரம் கிரம் இல்லையே?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அப்பா கடைசியாக வந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். கதவில் சாய்ந்து நின்று மகளை மேலும் கீழும் பார்த்தார். மாட்டைப் பார்ப்பது போலவே பார்த்தார். கொட்டகை வாசலில் நின்றபடியே எந்த மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற கண் அது.

"மூணு மாசமா பார்க்கறேன்" என்றார். "தீவனம் சரியா எடுக்கறதில்லை. நின்ன இடத்துல நிக்கறதில்லை. ஏழு மணியானா காதைத் தூக்கிக்கிட்டு ரோட்டைப் பார்க்குது. மாடா இருந்தா எப்பவோ டாக்டருக்குப் போன் போட்டிருப்பேன்."

அண்ணன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தாள். அண்ணி, "மாமா! என்ன பேச்சு இது!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், முந்தானை குலுங்கியது. அண்ணன் மட்டும், "என்ன, என்ன?" என்று எல்லோரையும் பார்த்தார். அந்த வீட்டில் விஷயம் தெரியாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"அப்பா!" என்றாள் சின்னவள். அழத்தான் நினைத்தாள். ஆனால் வாத்துகள் வெள்ளைக் குளத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவது ஜன்னல் வழியே தெரிந்தது. வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஏணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். அவளைப் பார்த்து அப்பா சிரிக்க, அப்பாவைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க, அந்தச் சமயத்தில் வாசலில் டேங்கர் வந்து நின்றது.

சிரிப்பு சட்டென்று நின்றது.

"நீயே போய்ச் சொல்லு" என்று அண்ணி அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். உடனே எல்லோருக்கும் பால் அறைப் பக்கமே வேலை வந்துவிட்டது. அண்ணி சுத்தமாக இருந்த ஜன்னலைத் துடைத்தாள். அண்ணன் நன்றாக இருந்த தாழ்ப்பாளைப் பழுது பார்த்தார். அண்ணன் மகள் எந்த வேலையும் செய்வதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

டிரைவர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னைக்குப் பால் இல்லை" என்றாள் சின்னவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"மாட்டுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"மாடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தான்... அடிக்குழாயை மூட மறந்துட்டேன். நேத்து நீங்க போனதுக்கு அப்புறம்."

டிரைவர் தொட்டியைப் பார்த்தார். நேற்று தான் சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்தார்.

பால் இல்லை என்றால் அவருக்கு அங்கே வேலை இல்லை. அடுத்த பண்ணையில் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர் கிளம்ப வேண்டியதுதான். அவர் திரும்பினார், வாசல் வரை போனார், நின்றார். குழாயை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு வந்து, காலித் தொட்டியில் மாட்டினார். பம்பை மட்டும் போடவில்லை.

"என்ன பண்றீங்க?"

"இருபத்தஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போறேன்" என்றார். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னா."

ஜன்னலில் துடைக்கும் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் கீழே விழுந்தது.

சின்னவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. ஏனென்றால் அந்த நேரம் பார்த்துக் கொட்டகையின் கோடியிலிருந்து அடித்தொண்டையில் ஒரு கத்தல் வந்தது. சீமாட்டி. முதல் கன்று போட வேண்டிய கிடேரி. இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது சீமாட்டிக்குத் தெரியாது. வைக்கோலில் படுத்து முக்கிக்கொண்டிருந்தாள். கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன. குளம்பு இரண்டும் பெரிசு பெரிசாக இருந்தன.

"கன்னு பெரிசு. இழுத்துத்தான் ஆகணும்" என்றார் அப்பா. "கயிறு எடு."

சின்னவள் கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு மண்டியிட்டாள். கன்றின் தலை நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இருந்தது. கால்களில் கயிற்றைச் சுருக்கிட்டாள். அண்ணன் கயிற்றைப் பிடித்தார். போதவில்லை. அப்பா திரும்பிப் பார்த்தபோது, நிலைப்படியையும் தாண்டி உயரமாக ஒருத்தர் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

"தம்பி, சும்மா நிக்கறதுக்குத்தானே வந்தீங்க. இப்படி வந்து பிடிங்க."

டிரைவர் வந்து அண்ணனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

"அவ முக்கும்போது மட்டும் இழுக்கணும்" என்றாள் சின்னவள். "கீழ் நோக்கி. அவசரப்படாம. இப்ப!"

இழுத்தார்கள். விட்டார்கள். சீமாட்டி மூச்சு வாங்கினாள். "இப்ப!" மூக்கு வந்தது. "இன்னும் ஒரு தடவை, என் கண்ணு, என் தங்கம், இப்ப!" தலை வந்தது, தோள் வந்தது, அப்புறம் ஒரே வழுக்கலில் முழுக்கன்றும் நீரும் சளியுமாக வந்து சின்னவள் மடியில் விழுந்தது. அண்ணன் மல்லாந்தார். அவர் பின்னால் டிரைவரும் மல்லாந்தார். அண்ணன் எழுந்துவிட்டார். டிரைவர் எழவில்லை.

"ஐயோ, இவர் கண்ணை மூடிட்டாரு!" என்று அண்ணி கத்தினாள்.

சின்னவளுக்கு முதல் வேலை கன்று. மூக்கில் இருந்த சளியை விரலால் எடுத்தாள், வைக்கோல் துரும்பால் மூக்கில் குறுகுறு மூட்டினாள். கன்று தும்மியது, தலையை உதறியது. சீமாட்டி எழுந்து திரும்பி நக்க ஆரம்பித்தாள். முதல் ஈத்து, ஆர்வம் தாங்கவில்லை. கன்றை நக்கினாள், கன்று கிடந்த வைக்கோலை நக்கினாள், பக்கத்தில் கிடந்த டிரைவரின் கன்னத்தையும் நெற்றியையும் சேர்த்து நக்கினாள். நாக்கால் ஒரே வழிப்பில் அவருடைய முடி முழுவதும் செங்குத்தாக எழுந்து நின்றது.

டிரைவர் கண்ணைத் திறந்தார்.

"என்ன கன்னு?" என்று கேட்டார், ஈனக்குரலில்.

"பொட்டைக் கன்னு" என்றாள் சின்னவள்.

"நல்லா இருக்கா?"

"அது தலையைத் தூக்கிடுச்சு. நீங்கதான் பாக்கி."

அண்ணன் மகள் வாளியின் மேல் உட்கார்ந்து, வாளியோடு கவிழ்ந்து, அப்படியே கிடந்து சிரித்தாள்.

"தம்பி, வெட்கப்படாதீங்க" என்றார் அப்பா. "என் மகன் முதல் தடவை பார்த்தப்ப வாந்தி எடுத்தான்."

"அப்பா, அப்ப எனக்கு ஆறு வயசு!" என்றார் அண்ணன்.

சின்னவள் டிரைவரின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். முழங்கை வரை பிசுபிசுப்பு, தலையில் வைக்கோல், இடுப்புக்குக் கீழே நனையாத இடமில்லை. இந்தக் கோலத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் காலையிலிருந்து அவளுக்குள் பொங்கிக்கொண்டிருந்தது அப்போது வழிந்துவிட்டது.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

கவிழ்ந்து கிடந்த அண்ணன் மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லட்டுமா, படுத்துக்கிட்டே சொல்லலாமா?" என்றார் டிரைவர்.

"எப்படி வேணா சொல்லுங்க. ஆனா ஒண்ணு. நான் இந்த இடத்தை விட்டு எங்கேயும் வரமாட்டேன்."

"உங்களை யாருங்க கூப்பிட்டது? நான்தான் வரேன்."

அண்ணி அழுதாள். அண்ணன் சட்டைப் பையில் கிடந்த தாழ்ப்பாள் ஆணியை ஏனோ கையில் எடுத்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் டிரைவரின் கையில் கொடுத்து, அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார். அப்பா கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் காதை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. கேட்டால் வைக்கோல் தூசி என்பார் என்று சின்னவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. பின்னாலிருந்து அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவருடைய சட்டையிலும் ஈரம் படிந்தது.

"போடி, போய்க் கையைக் கழுவு" என்றார் அவர். "மாப்பிள்ளைக்கு முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடு. உனக்குத் தப்பி, நம்ம வீட்டு மாட்டுக்கே வாக்கப்பட்டுடப் போறாரு."

அதற்குள் டேங்கர் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தது. அண்ணி போனை எடுத்து, வழியில் இருந்த பண்ணைகளுக்கெல்லாம் தகவல் சொன்னாள். முதல் பண்ணைக்கு, "வண்டி கொஞ்சம் லேட்டாகும், டிரைவருக்கு மயக்கம்" என்றாள். இரண்டாவது பண்ணைக்கு, "மயக்கமெல்லாம் இல்லை, கன்னு போட்டது" என்றாள். மூன்றாவதுக்கு, "இல்லல்ல, டிரைவர் போடலை, மாடு போட்டது, டிரைவருக்குக் கல்யாணம்" என்றாள். நாலாவது பண்ணையில் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எங்களுக்குத் தெரியுமே!" என்றார்கள். டிரைவர் அந்தப் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. அவர் தலைமுடி அப்போதும் செங்குத்தாகவே இருந்தது. எவ்வளவு தண்ணீர் தொட்டுப் படிய வைத்தாலும் சீமாட்டியின் வழிப்பு மாலை வரை கலையவில்லை.

அண்ணன் மூன்று நாள் மோட்டார் ஓட்டி, குளத்து நீரை வயலுக்குப் பாய்ச்சினார். வாத்துகளுக்குப் புதுத் தண்ணீர் பிடிக்கவில்லை. ஒரு வாரம் கரையிலேயே உட்கார்ந்து முறைத்தன.

ஆறு வாரம் கழித்துக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பதினோரு மணிக்கு. காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஐம்பத்திரண்டு மாடுகளுக்கு முகூர்த்தம் தெரியாது. கையெழுத்துப் போட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஐந்து பேரும் மாப்பிள்ளையும் காருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒரு சரக்கு ரயிலின் பெட்டிகளை எழுபத்து நாலு வரை எண்ணினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது நாலரை. கொட்டகையிலிருந்து கத்தல் காதைப் பிளந்தது. உடை மாற்ற நேரமில்லை. சின்னவள் புதுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்து, கதவைத் திறந்துவிட்டாள். முன்னால் வந்த மாடு உள்ளே தலையை நீட்டியது, மோந்தது, நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் வந்தவை எல்லாம் அதன் மேல் முட்டி நின்றன. அண்ணி அவளுக்குப் பூசிவிட்ட சென்ட் அவ்வளவு மணம். ஒவ்வொன்றாகத் தும்ம ஆரம்பித்தன.

"யாரு இந்தப் பொம்பளைன்னு பார்க்குதுங்க, அத்தை" என்றாள் அண்ணன் மகள்.

அப்பா தன்னுடைய பழைய கொட்டகைக் கோட்டைக் கழற்றி மகள் தோளில் போட்டார். அது துவைத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. முதல் மாடு மறுபடி மோந்தது, பெருமூச்சு விட்டது, தன் இடத்துக்குப் போய் நின்றது. மற்றவை பின்தொடர்ந்தன.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார் மாப்பிள்ளை. வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஆர்வமாக நின்றார்.

"இந்தத் துணியால மடியைத் துடைங்க. திடீர்னு தொடக்கூடாது. முதல்ல ஒரு வார்த்தை பேசிட்டு அப்புறம் தொடணும்."

அவர் முதல் மாட்டின் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கங்க. நான் இந்த வீட்டு மாப்பிள்ளை. இன்னைக்குத்தான் கல்யாணம் ஆச்சு."

மாடு திரும்பி அவரை நிதானமாகப் பார்த்தது. பிறகு வாலைத் தூக்கியது. வாலைத் தூக்கினால் விலக வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கூப்பிய கையோடு அப்படியே நின்றார். சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூச்சு முட்ட, "தள்ளுங்க, தள்ளுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தாள். சிரிப்பில் சத்தமே வரவில்லை.